ஒதுங்கிப் பழகியவன் வாங்கிய கார்

மலாய்க்காரர்கள் மாட்டு வண்டியையும் கெரேத்தா என்பார்கள், மோட்டாரையும் கெரேத்தா என்பார்கள். அந்தக் கணக்கில் நான் மீசை முளைத்த நாளிலிருந்தே கெரேத்தா வைத்திருந்த ஆள்தான். ஆனால் நான் எதற்கு ஆசைப்பட்டேன் என்பது எனக்கல்லவா தெரியும்.

டத்தோ கிராமாட்டில், தீவின் துறைமுக நகரப் பக்கம், எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை. துறைமுகக் கிட்டங்கியிலிருந்து அரிசி மூட்டையும் சர்க்கரை மூட்டையும் ஏற்றிக் கடைகளில் கொண்டுபோய் இறக்குவது என் தொழில். முதலில் ஒரே வண்டி, நானே ஓட்டினேன். பிறகு வண்டிகள் பெருகின, ஆட்கள் வந்தார்கள், முதலாளி என்று கூப்பிட்டார்கள். முதலாளி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஆள் வராத நாளில் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கிறவன் நான்தான்.

அப்படி ஒரு நாள் மூட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தபோது பின்னால் ஹாரன் அடித்தது. வழக்கம்போல ஓரத்தில் ஒதுக்கினேன். பக்கத்தில் சர்ரென்று ஒரு கார் போயிற்று. பச்சை நிறம், மேலே கூரை இல்லை, நீண்ட மூக்கு, இரண்டு பேர் மட்டும் உட்காரும் இடம். தொப்பியைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, முடி பறக்க ஒரு வெள்ளைக்காரர் ஓட்டிப்போனார். புழுதி முழுக்க என் வாயில். துப்பிவிட்டு, இதில் ஒன்று வாங்காமல் சாகமாட்டேன் என்று மாடுகளிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது? வீட்டில் சொன்னதற்கு என் மனைவி, "ஆசை இருக்குது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்குது கழுதை மேய்க்க" என்றாள்.

வருஷங்கள் போயின. லாரிகள் வந்தன. மாட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு அழாமல் நானும் லாரிக்கு மாறினேன். பெண்களைக் கட்டிக்கொடுத்தேன், பேரப்பிள்ளைகள் பிறந்தன, தலை நரைத்தது. அந்தப் பச்சைக் கார் மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்து மேனேஜர்கள் சாமான்களை விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். அக்கரையில் புக்கிட் தெங்கா பக்கம் ஒரு மேனேஜர் தன் ஸ்போர்ட்ஸ் காரை விற்கிறார் என்று காதில் விழுந்ததும், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஃபெரிக்கு ஓடினேன். இது சிவப்பு. பச்சையோ சிவப்போ, அந்த மூக்கு அதே மூக்கு. என்ன விலை என்று கேட்காதீர்கள். என் மனைவிக்கே இன்னும் சரியாகச் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. அவள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"மத்தவங்க எங்க உட்கார்றது?"

"ரெண்டு பேர்தான்."

"பின்னால?"

"பின்னால ஸ்பேர் டயர்."

"இத்தனை பேர் குடும்பத்துக்கு ரெண்டு பேர் வண்டி. மூட்டை சுமந்து சுமந்து மூளையையும் எங்கேயோ இறக்கி வச்சிட்டீங்க போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் சொன்னதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று அதில் இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது உறைக்கவில்லை. எங்கள் ஆட்களில் கார் வாங்கியவர்கள் யாரும் தாங்களே ஓட்டியதில்லை. கார் என்றால் டிரைவர் வேண்டும், முதலாளி பின்னால் சாய்ந்து உட்கார வேண்டும், அதுதான் மரியாதை. அந்த மேனேஜரிடம் இருந்த டிரைவர் நாற்பது வயது மனிதர். மேனேஜர் போனால் அவருக்கு வேலை இல்லை. காரோடு அவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஓட்டும் சீட்டில் அவர், பக்கத்துச் சீட்டில் நான். தெருவில் போனால், "டிரைவருக்கு நல்ல கார் வாங்கிக் குடுத்திருக்கீங்கண்ணே" என்று கடைக்காரர்கள் கேலி பண்ணினார்கள். போங்கடா என்று நானும் சுற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த இடத்தில் என் மனைவியின் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாய் இல்லாத என் மனைவியைத் தூக்கி வளர்த்தது அந்த அக்காதான். அவரைக் கட்டிக்கொடுத்தது பாலிக் புலாவில். தீவின் மறுபக்கம், மலையைத் தாண்டி. முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை என் வண்டியிலேயே இவளைக் கூட்டிப்போவேன். ஏற்றத்தில் மாடு பாவம் என்று எல்லோரும் இறங்கி நடப்போம். பிறகு இவளுக்கு முட்டி போயிற்று, மலை ஏறி நடக்க முடியாது. பஸ்ஸிலும் மூடின காரிலும் ஏறினால் பெட்ரோல் வாடைக்கே குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும். ஒரு தடவை வாடகைக் காரில் கிளம்பி, மலை வளைவுகளில் அவள் பட்ட பாட்டைப் பார்த்துப் பாதி வழியில் திரும்பிவிட்டோம். அதற்குள் அந்த அக்காவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவரால் வர முடியாது, இவளால் போக முடியாது. ஒரே தீவில் இருந்துகொண்டு, அவர் பஸ்ஸில் சாதிக்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புவார், இவள் முறுக்கு கொடுத்தனுப்புவாள். அவ்வளவுதான் உறவு. டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் இவள் மூலையில் உட்கார்ந்து அழுவாள். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

கார் வந்து சில நாள் கழித்து என் மனைவி மெதுவாகக் கேட்டாள். "என்னங்க, இதுலதான் கூரை இல்லையே. மூஞ்சியில காத்து அடிச்சா வாடை தெரியாதில்ல. அக்காவைப் பார்க்கப் போகலாமா?"

"போகலாமே" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. இரண்டு சீட்டு. டிரைவர் ஒன்று. அவளையும் டிரைவரையும் தனியாக அனுப்ப முடியாது. அவர் தங்கமான மனிதர், ஆனால் ஊர் வாய் இருக்கிறதே. அவளும் போகமாட்டாள். "நான் யார் மடியில உட்கார்றதாம்?" என்று அவளே கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள், கண் மட்டும் கலங்கி இருந்தது. சரி, நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். வளைந்தது. கிளட்சும் கியரும் எனக்குப் பெரிய விஷயமாக இல்லை. திமிர் பிடித்த காளைகளையே பழக்கியவன் நான். வேறு ஒன்றுதான் என்னைக் கெடுத்தது. பின்னால் ஹாரன் சத்தம் கேட்டால் போதும், என் கை தானாக இடது பக்கம் ஒடித்து வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிடும். லாரி வந்தாலும் நிறுத்துவேன். சைக்கிள் மணி அடித்தாலும் நிறுத்துவேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். ஊரிலேயே வேகமான காரில் உட்கார்ந்துகொண்டு ரிக்‌ஷாவுக்கு வழிவிட்டேன். பக்கத்தில் இருந்த டிரைவர், "முதலாளி, நாமதான் காரு, நாமதான் காரு" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனார். பரீட்சை வைத்த வெள்ளைக்கார அதிகாரி, இந்த ஆள் ஓட்டுவதைவிட நிற்பதுதான் அதிகம் என்று சொல்லி முதல் தடவை லைசென்ஸ் தர மறுத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அடுத்த தடவை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன், கிடைத்துவிட்டது. டிரைவரை என் லாரிக்கு மாற்றினேன். அவருக்கும் நிம்மதி.

பாலிக் புலாவுக்குக் கிளம்பிய அன்று காலை என் மனைவி சேலைத் தலைப்பைத் தலையோடு இறுக்கிக் கட்டி, மடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவர் மட்டும் ஒரு இடத்துக்குப் போவது அதுதான் முதல் தடவை. என்ன பேசுவது என்றே தெரியவில்லை.

மலையில் பாதி ஏறியாயிற்று. அவளுக்கு வாந்தியும் இல்லை, மயக்கமும் இல்லை. அப்போது பின்னால் ஒரு பெரிய கார் வந்து விடாமல் ஹாரன் அடித்தது. என் கை பழையபடி தானாக ஒடித்துவிட்டது. இடது பக்கம் பள்ளம், கீழே டுரியான் மரங்களின் உச்சி தெரிகிறது. சக்கரம் சரளைக்கல்லில் இறங்கி வழுக்கி, எப்படியோ நின்றது.

"என்ன பண்றீங்க?"

"பின்னால கார் வருது."

"வரட்டுமே. நாம என்ன மூட்டையா ஏத்திட்டுப் போறோம்? அவனுக்கு இருக்கிற அவசரம் எனக்கும் இருக்கு. இடம் கிடைக்கிற இடத்துல அவன் தாண்டிக்கட்டும். நீங்க நேரா ஓட்டுங்க."

வண்டியோட்டுவதில் எனக்கே புத்தி சொல்கிறாளா என்று ஒரு நொடி சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது மனசுக்குள் போய்விட்டது. காரைச் சாலைக்கு ஏற்றினேன். பின்னால் வந்தவர் அடித்துக்கொண்டே வந்தார். நான் ஒதுங்கவில்லை. சாலை அகலமான இடத்தில் அவராகவே தாண்டிப் போனார். ஒன்றும் குடி முழுகவில்லை.

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்ததும் அழுதார்கள். அழுது முடித்ததும் சண்டை. ஏன் இப்படி இளைச்சுப்போனே என்று அவர், போன தடவை ஊறுகாயில் ஏன் இவ்வளவு உப்பு என்று இவள். நான் வெளியில் பாயைப் போட்டுத் தூங்கினேன். அத்தனை சந்தோஷமான தூக்கம் எனக்கு வாய்த்ததில்லை. அதற்குப் பிறகு மாசம் தவறாமல் போனோம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. பாலிக் புலாவிலிருந்து வந்த முதல் பஸ்ஸின் கண்டக்டர் வீட்டுக்கே வந்து, அக்காவுக்கு மூச்சு இழுக்கிறது, அவர் மகன் உடனே வரச்சொன்னான் என்றார். என் மனைவி தலைக்குக் குளித்துவிட்டு அப்போதுதான் முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். அப்படியே வந்து காரில் ஏறினாள். தலைப்பைக் கட்டவில்லை, எலுமிச்சம்பழம் எடுக்கவில்லை. "கொஞ்சம் சீக்கிரம்" என்றாள்.

அதுவரை நான் ஹாரனை அழுத்தியதே இல்லை என்று சொல்லலாம். எனக்கு மனசு வராது. அன்று அழுத்திய கையை எடுக்கவில்லை. சந்தையில் ரிக்‌ஷாக்கள் விலகின. ஒரு லாரிக்காரர் கையைக் காட்டி, போ போ என்றார். மலை ஏற்றத்தில் தேங்காய் ஏற்றிய ஒரு மாட்டு வண்டி நடுவில் போய்க்கொண்டிருந்தது. ஏற்றத்தில் மாட்டை நிறுத்தினால் மறுபடி இழுக்க வைப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். அந்த வண்டிக்காரர் குதித்து இறங்கினார், மூக்கணாங்கயிற்றைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார், வண்டி பின்னால் உருளாமல் சக்கரத்துக்குத் தோள் கொடுத்து நின்றார். நான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு தாண்டினேன். திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

அக்காவுக்கு நினைவு இருந்தது. எங்களைப் பார்த்ததும் கண் என் மனைவியின் தலைக்குப் போயிற்று. காற்றில் அடித்து முடி சிக்கும் சடையுமாக நின்றிருந்தது. "என்னடி தலை இது" என்றார், குரல் வந்ததும் வராததுமாக. நல்ல கையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. இவள் கட்டிலோரம் உட்கார்ந்து தலையை அவர் கைக்குக் கீழே கொண்டுபோய்க் குனிந்துகொண்டாள். அவர் ஒவ்வொரு சிக்காக விரலால் எடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் நினைவு தப்பிவிட்டது, மறுநாள் காலை போய்விட்டார். அதுவரை இவள் பக்கத்திலேயே இருந்தாள்.

அந்த ரிக்‌ஷாக்காரர்களுக்கும் லாரிக்காரருக்கும் நான் நின்று நன்றி சொல்லவில்லை. ஏற்றத்தில் சக்கரத்துக்குத் தோள் கொடுத்து நின்றவருக்கும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்த மேட்டில் காரை நிறுத்திக் காத்திருந்து பார்த்தேன், அவர் வரவில்லை. அண்ணே, நீங்கள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். நீங்கள் ஒதுங்கி நின்றதால்தான் நினைவு தப்புவதற்குள் என் மனைவியால் அவள் அக்காவைப் பார்க்க முடிந்தது.