அரை என்றால் ண, முக்கால் என்றால் த

1. போனில் ஒரு புகார்

"மேடம், நீங்க குப்பைன்னு ஒதுக்கி வெச்சீங்களே, அதுல என் பொண்டாட்டி கீறா."

ரவா தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருக்கும்போது இப்படி ஒரு போன் வந்தால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும். எனக்கும் போட்டது. ராங் நம்பர் என்று சொல்லி வைக்கப் பார்த்தேன். அந்த ஆள் விடுவதாக இல்லை.

"வாசுகி மேடம்தானே? மியூசிக் சாஃப்ட்வேர் ஃபோரத்துல நோட்டீஸ் போட்டுக்கீறீங்க இல்ல, படிக்க முடியாத போஸ்ட்டெல்லாம் மாசக் கடைசில தூக்கிடுவோம்னு? அதுக்குதான் பேசறேன். என் பேரு ஏழுமலை. திருவிடந்தைல ஸ்டுடியோ வெச்சுகினு கீறேன்."

நோட்டீஸை எழுதியது நான் இல்லை. ஆனால் அதில் இருந்தது என் நம்பர். எனவே திட்டும் எனக்குத்தான் வரும். டவுன்ஷிப் ஆபீசில் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இருந்த காலம் முழுக்க இதே கதைதான். முடிவு யாரோ எடுப்பார்கள், போன் என் மேசையில் அடிக்கும்.

"'மவுஸ் இல்லாமல் ரெக்கார்டிங்'னு ஒரு திரி கீது பாருங்க. அதுல பதில் எழுதினு வந்தவ பேரு கற்பகம். அதான் என் வூட்டுக்காரி. போன வருசம் பூட்டா."

"ஐயோ, சாரிங்க" என்றேன். "ஆனா அந்தப் பக்கத்தைப் பார்த்தீங்களா? ஒரு எழுத்துகூடப் புரியாதே."

"நான் எங்க மேடம் பாக்கறது? எனக்கு பொறந்ததுலேந்தே கண்ணு தெரியாது."

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

2. பவுண்டும் பின்னமும் எங்கிருந்து வந்தன

இளையவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.

எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோட் பரவுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் தமிழ் என்பது ஒருவகை மாறுவேஷம். உள்ளே இருப்பது வெறும் எண். அந்த எண்ணுக்கு ஐரோப்பிய மொழிகளில் ஒரு முகம் உண்டு. தமிழ் எழுத்துரு போட்ட மெஷினில் அதே எண் தமிழ் முகம் காட்டும். எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் வேஷம் கலைந்து, தலையில் கோடும் வட்டமும் போட்ட ஆங்கில எழுத்துகள், பவுண்ட் குறி, அரை, கால், முக்கால் என்று வந்து நிற்கும். 'வணக்கம்' என்று ஒருவர் எழுதியது Å½ì¸õ என்று தெரியும்.

நான் சொல்லும் ஃபோரம் அந்தக் காலத்தில் தொடங்கியது. கீபோர்டு வாசிப்பவர்கள், கோயில் கச்சேரிக்காரர்கள், கல்யாண ஆர்க்கெஸ்ட்ரா பையன்கள் எல்லாரும் இசை மென்பொருளைப் பற்றி அங்கே தமிழில் கேட்டுக்கொண்டார்கள். சவுண்ட் ஏன் லேட்டா வருது, தவில் டோனை எங்கே தேடுவது, இந்த மாதிரி. ஒரு கேள்வியும் அதன் கீழே வரும் பதில்களும் சேர்ந்தது ஒரு திரி. நடத்தியவர் சிவகுமார். அப்போது காலேஜ் பையன், இப்போது ஓ.எம்.ஆரில் பெரிய வேலை. சர்வர் வாடகையை நிறுத்திவிட்டுப் புது இடத்துக்கு மாற்ற வேண்டும் என்றார். ரிட்டயர் ஆகி ஊரப்பாக்கத்தில் சும்மாதானே இருக்கிறோம் என்று நான் தலையைக் கொடுத்தேன்.

உள்ளே போனால் கலப்படம். நாலைந்து விதமான எழுத்துரு. ஒரே பதிவில் பாதி ஒன்று, மீதி வேறொன்று. மாற்றலாம், ஆனால் இடுப்பு ஒடியும். "விட்டுத் தள்ளுங்க மேடம், அந்த சாஃப்ட்வேரே இப்ப யாருகிட்டயும் இல்ல. யார் படிக்கப் போறா?" என்றார் சிவகுமார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பீரோவில் ஒரு பழைய பில் கிடந்தாலே எனக்குக் கிழித்துப் போடக் கை அரிக்கும். ஒதுக்கிவைத்தோம், நோட்டீஸ் போட்டோம்.

யார் படிக்கப் போகிறார்கள் என்பதற்குப் பதில்தான் அந்த போன்.

3. திருவிடந்தை ஸ்டுடியோ

வண்டலூரில் ஏறி, கேளம்பாக்கத்தில் மாறி, கோவளம் தாண்டி இறங்கினேன். சீக்கிரம் கல்யாணம் ஆக வேண்டி, கழுத்தில் மாலையோடு பெருமாள் கோயிலைச் சுற்றி வரும் பிள்ளைகள் கூட்டம். அதற்கு இரண்டு தெரு தள்ளி ஏழுமலையின் ஸ்டுடியோ. ஒற்றை அறை, எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை.

ஐம்பது வயதிருக்கும். வாய் ஓயாது. "இங்க மாலை போட்டு சுத்தறவன்ல பாதிப்பேரு அடுத்த வருசம் எங்கிட்டதான் வருவான், கல்யாண வீடியோவுக்குப் பாட்டு போட. பெருமாளுக்கு நான் கமிஷன் தரணும் மேடம்" என்று சிரித்தார்.

மானிட்டர் அணைந்திருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் கடகடவென்று பேசிக்கொண்டே இருந்தது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள். அவ்வளவு வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

"உங்ககிட்ட அவங்க குரல் இருக்குமே? ஸ்டுடியோ வச்சிருக்கீங்களே?" என்று கேட்டேன். வழியெல்லாம் என் மனதில் இருந்த கேள்வி அது.

"நெறைய கீது. செங்கல்பட்டுல ஸ்கூல்ல பாட்டு டீச்சர் மேடம் அவ. பக்திப் பாட்டு, வாழ்த்துப் பாட்டு, எலெக்‌ஷன் பாட்டுகூட பாடிக்கீறா. எல்லாம் ஊருக்குப் பாடுனது. எனக்குன்னு சொன்னது அந்த ஃபோரத்துல மட்டும்தான் கீது. கல்யாணத்துக்கு முன்னால அதுலதான் பேசிகினோம். போட்டோவ வெச்சுகினு நான் இன்னா பண்ண? இத நானே படிக்கலாம். ஒருத்தன் படிச்சுக் காட்ட வேணாம்."

அவரும் காப்பி எடுத்துத்தான் வைத்திருந்தார். ஹார்ட் டிஸ்க் போனதோடு அதுவும் போயிற்று.

"சரி, இந்தக் கோலத்துல இருக்கறதை எப்படிப் படிச்சீங்க?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த மெஷின் குரலிலேயே சொன்னார்: "ஏ ரிங். ஹாஃப். ஐ கிரேவ். செடில்லா. ஓ டில்டே."

நான் முழித்தேன்.

"வணக்கம்னு அர்த்தம் மேடம். ஹாஃப்னா ண. த்ரீ குவார்ட்டர்ஸ்னா த. குவார்ட்டர்னா ட. நீங்க நெனைக்கிற குவார்ட்டர் இல்ல."

விஷயம் இதுதான். வேஷம் கலைந்த Å, ½, ì எல்லாவற்றையும் அந்த மென்பொருள் அதனதன் ஆங்கிலப் பெயரைச் சொல்லிப் படிக்கும். கற்பகத்தின் முதல் பதிலை பிரவுசிங் சென்டர்காரர் ஒரே ஒரு முறை படித்துக் காட்டியிருக்கிறார். அதை ஃப்ளாப்பியில் வீட்டுக்கு எடுத்துவந்து, ஒவ்வொரு எழுத்தாக மெஷினை விட்டு சத்தமாகச் சொல்லவைத்திருக்கிறார் இவர். என்ன எழுதியிருக்கிறது என்று முன்பே தெரியும். ஆகவே எந்தச் சத்தம் எந்த எழுத்து என்று கண்டுபிடிக்க முடிந்தது. அதன்பிறகு அவள் எழுதிய எதற்கும் இன்னொருவர் தேவைப்படவில்லை.

எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ மாதிரியும் இருந்தது. அன்றைக்கே சொல்லிவிட்டேன், கற்பகத்தின் பதிவு ஒன்றுகூடப் போகாது என்று. சிவகுமாரிடம் கேட்கவில்லை. கேட்டால்தானே மறுப்பார்!

4. நிரப்ப வேண்டிய இடம்

ஒரு வாரம் இடுப்பு ஒடியத்தான் செய்தது. கற்பகத்தின் பதிவுகளை யூனிகோடுக்கு மாற்றி முடித்தேன். மறுபடி திருவிடந்தை போய், தமிழ்க் குரலில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். 'ட்ராக்கைத் தேர்ந்தெடுத்த பின் ஒலி அளவைக் குறைக்கவும்' என்ற ரீதியில் எல்லாம் பாடம் நடத்துகிற வாக்கியங்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சூப்பரா கீது மேடம். யாரோ நியூஸ் வாசிக்கிற மாறி கீது. பழசையும் ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துடுங்க, எனக்கு அவ 'ஏ ரிங்'லதான் பேசுவா" என்றார். பிறகு, "மொதோ பதிலு எங்க? அது வரலியே" என்றார்.

இதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். பல வருஷம் முன்னால் சர்வரை வாடகைக்கு விட்ட ஆட்கள் ஒரு தடவை அதை மாற்றியிருக்கிறார்கள். அதில் ஃபோரத்தின் முதல் சில மாதப் பதிவுகளில் ஆங்கிலம் அல்லாத எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிவிட்டது. வேஷம் கலைந்தால் திரும்பப் போட்டுவிடலாம். இது ஆளே இல்லாத நிலை. எந்தக் கன்வர்ட்டரும் உதவாது. கற்பகத்தின் முதல் பதில் இப்படித்தான் தொடங்கியது:

?????. Mouse ?????? record ???????.

சொன்னேன். கேட்டதும் மனிதர் கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. சும்மா இருக்க முடியாமல், "நீங்கதான் மனப்பாடமா சொல்றீங்களே. சொல்லுங்க, நான் அடிக்கறேன்" என்றேன்.

"அது எப்பிடி மேடம், நான் சொல்றது கரீட்டுன்னு இன்னா நிச்சயம்? அவ எழுதாதத அவ பேர்ல போட்டா தப்பாச்சே."

அங்கேதான் எனக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. ஒரு எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி; கால், கொம்பு மாதிரி தனியாக அடிக்கிற குறிக்கும் ஒன்று. புள்ளி, இடைவெளி, ஆங்கில வார்த்தை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. அவர் சொல்வது சரியாக இருந்தால் கேள்விக்குறிகளில் கச்சிதமாக உட்காரும். தப்பென்றால் இடிக்கும்.

"ஏ ரிங், ஹாஃப், ஐ கிரேவ், செடில்லா, ஓ டில்டே." ஐந்து. உட்கார்ந்தது.

மவுஸ் இல்லாமல் ரெக்கார்ட் செய்யலாம். உட்கார்ந்தது. R அழுத்தவும். உட்கார்ந்தது. அதற்கு முன் ஒரு வாய்... அடுத்த வார்த்தைக்கு, "த்ரீ குவார்ட்டர்ஸ், என் டில்டே, ஹாஃப், பவுண்ட், டிவைடட் பை" என்றார். அடித்து மாற்றினேன். தண்ணீர்.

"தண்ணீர் குடிங்க" என்று அவரே முடித்தார்.

"இல்லையே. 'குடிங்க' நாலுதான் வருது. இங்க ஆறு இருக்கு."

விரலால் மேசையைத் தட்டித் தட்டி யோசித்தவர், திடீரென்று வெடித்துச் சிரித்தார். "குடிக்கவும்! எழுத்துல அவ்ளோ மரியாதை மேடம். வூட்ல 'குடிய்யா'ம்பா."

ஆறு. உட்கார்ந்தது. அடுத்த வரி: உங்கள் கேள்வியில் கோபம் அதிகம். அதுவும் உட்கார்ந்தது. மவுஸ் இல்லாமல் ஒன்றும் முடியாதா என்று அவர் ஃபோரத்தில் கத்தியிருக்கிறார். அதற்கு ஒரு டீச்சர் கொடுத்த பதில் இது. நானாக இருந்தால் தண்ணீரெல்லாம் சொல்லியிருக்க மாட்டேன், ஹெல்ப் ஃபைலைப் படி என்று ஒரு வரியில் முடித்திருப்பேன்.

"அவ்ளோதான் மேடம்" என்றார் ஏழுமலை.

அவ்வளவுதான் இல்லை. அதற்குக் கீழே, பெயருக்கு முன்னால், இன்னொரு வரி கேள்விக்குறிகள் இருந்தன. சொன்னேன்.

அவர் முகம் மாறியது. கை மேசையில் எதையோ தேடுவது போல் அலைந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். பிறகு மெதுவாக, எழுத்து எழுத்தாக, மெஷின் குரலே இல்லாமல் அவர் சொந்தக் குரலில் சொன்னார். நான் அடித்தேன். கன்வர்ட்டரில் போட்டேன். கடைசிக் கேள்விக்குறி வரை உட்கார்ந்தது.

திரையில் படித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

"அழாதீங்க மேடம்" என்றார். "அந்த லைனு எனக்கு எழுதுனது. அப்ப ஃபோரத்துல எல்லாரும்தான் படிச்சான், எவனுக்கும் ஒண்ணும் தோணல. இப்ப வோணாம். அத்த மட்டும் கேள்விக்குறியாவே வுட்டுடுங்க."

விட்டேன்.

5. பக் இல்லை

புது சைட் வந்துவிட்டது. கற்பகத்தின் பதிவுகளைச் செய்த கையோடு மற்றவர்களுடையதையும் உட்கார்ந்து மாற்றினேன். பார்வையற்றவர்கள் சிலர் 'மவுஸ் இல்லாமல்' திரியைத் தமிழ்க் குரலில் கேட்டுக் கற்றுக்கொள்வதாக எழுதியிருக்கிறார்கள். மென்பொருள் மாறினாலும், தண்ணீர் குடிப்பது உள்பட அடிப்படை மாறவில்லையாம்.

இதை எழுதலாமா என்று ஏழுமலையிடம் கேட்டேன். "அந்த லைன வுட்டுட்டு இன்னா வோணா எழுதிக்கோங்க" என்றார். அதனால் இங்கேயும் அது இல்லை.

இத்தனை வருஷ சர்வீஸில் படிக்க முடியாததையெல்லாம் நான் பழுது என்றுதான் எடுத்துக்கொண்டேன். பழுது என்றால் ரிப்பேர், இல்லையென்றால் டெலீட். இப்போது முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன்: இது யாருக்குப் படிக்க முடியவில்லை, எனக்கா, எல்லாருக்குமா? வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்.

சிவகுமார் மட்டும் அவ்வப்போது போன் செய்வார். போன வாரமும் செய்தார்.

"மேடம், அந்த மவுஸ் திரியில மொத பதில்ல கடைசி லைன் இன்னும் கன்வர்ட் ஆகல. வெறும் கேள்விக்குறியா நிக்குது. பக் போல, பார்த்துடுங்க."

"பார்த்துட்டேன் சிவா. அது சரியாத்தான் இருக்கு" என்றேன்.