சாம்பார் வைத்த கிறிஸ்மஸ்

கிறிஸ்மஸ் காலையில் ஒரு வீட்டில் என்ன மணக்கும்? பட்டை, கிராம்பு, புதினா...

அந்த வருஷம் எங்கள் கோவில்பட்டி வீட்டில் பெருங்காயம் மணத்தது.

தூத்துக்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யக்கா, என்ன சாம்பார் வாடை அடிக்கி? நான் வீடு மாறி வந்துட்டனா?"

"வாயை மூடிக்கிட்டு உள்ள வாலே" என்றாள் அம்மா, தேங்காய் துருவிக்கொண்டே.

எல்லாம் எதிர்வீட்டு அண்ணாச்சிக்காக.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அண்ணாச்சிக்கு நாகலாபுரம் பக்கம் கரிசல் புஞ்சை. இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சிநேகம்! மற்ற நாட்களில் எங்கள் வீட்டில் கை நனைக்காமல் போக மாட்டார். ஆனால் கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார். பொங்கலுக்கு மலைக்குப் போய்வந்த பிறகுதான் கழற்றுவார். கிறிஸ்மஸ் வந்து விழுவதோ விரதத்தின் நட்டநடுவில்.

அப்பா வருஷா வருஷம் கூப்பிடுவார். அண்ணாச்சியும் கறுப்பு வேட்டி, தாடியோடு ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலோடு திரும்பிவிடுவார். "பண்டிகைச் சோத்துக்கு நம்ம ஆளு இல்லியே" என்று அப்பா அன்று முழுக்கப் புலம்பிக்கொண்டிருப்பார்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது தோளில் தாங்கி ஆட்டோவில் ஏற்றியது அண்ணாச்சிதான். ஆஸ்பத்திரியில் கடைசிவரை அப்பாவின் கையை விடாமல் பிடித்திருந்ததும் அவர்தான். அதை நாங்கள் எப்படி மறப்போம்...

அப்பா இறந்த வருஷம் நாங்கள் கிறிஸ்மஸ் கொண்டாடவில்லை. அடுத்த வருஷம், ஐப்பசி மழை பெய்துகொண்டிருக்கும்போதே அம்மா சொல்லிவிட்டாள்.

"இந்தக் கிறிஸ்மஸ்க்கு அண்ணாச்சி நம்ம வீட்ல உக்காந்து சாப்பிடணும்ட்டி. ஒங்கப்பா ஆசை அது. கறியே எடுக்க வேண்டாம்."

அன்றிலிருந்து ஆரம்பித்தது ஏற்பாடு. எங்கள் ஊரில் விருந்து என்றால் முதல் கவலை அரிசி இல்லை, தண்ணீர். குழாயில் என்றைக்குத் திறந்துவிடுவான் என்று யாருக்கும் தெரியாது. வந்த அன்றெல்லாம் டிரம், அண்டா, குடம் என்று ரொப்பி, துணி கட்டி மூடி வைத்தாள். அதில் ஒரு சொம்பு மொண்டதற்கு நான் வாங்கிய ஏச்சு இருக்கிறதே!

அடுத்தது பாத்திரம். எங்கள் வீட்டுப் பாத்திரம் எல்லாம் கறி கண்டவை. வாடகைக் கடையிலும் அதே கதைதான். அம்மா யோசித்தாள்... நேராகத் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய், அன்னதானப் பாத்திரம் வேண்டுமென்று கேட்டுவிட்டாள். நான் வெட்கத்தில் பின்னால் ஒளிந்து நின்றேன்.

"கிறிஸ்மஸ்க்கா கேக்குதீங்க?" என்றார் பொறுப்பிலிருந்த பெரியவர்.

"ஆமாய்யா. மாலை போட்ட மனுசருக்குச் சமைக்கணும். எங்க ஏனத்துல செய்யக் கூடாதுல்லா?"

அவர் அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நல்லா வெளக்கிக் கொண்டாந்துருங்கம்மா." அவ்வளவுதான்.

அண்ணாச்சி குடும்பம் அப்போது ஊரில் இல்லை. உளுந்துக்குக் களையெடுப்பு, பிடுங்கல் என்று, கார்த்திகைக்கு முன்பே வீட்டைப் பூட்டிவிட்டு நாகலாபுரம் போயிருந்தார்கள். அம்மா போன் போட்டுக் கூப்பிட்டாள்.

"கண்டிப்பா வாரேன் தங்கச்சி. இந்தத் தடவ உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் போவேன்."

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சைவச் சமையல் என்பதை மட்டும் சொல்லாமல் மறைத்துவிட்டாள். நேரில் பார்த்து அசரட்டும் என்று நினைத்தாள். விரதத்தில் இருக்கிறவர் எப்படி இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கிறிஸ்மஸ் மத்தியானம். சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்து இலை போட்டுக்கொண்டிருக்கிறோம். பைக் சத்தம். அண்ணாச்சியும் அவர் மனைவி அத்தையும் இறங்குகிறார்கள்.

வெள்ளை வேட்டி. மழுங்கச் சிரைத்த முகம். கழுத்தில் மாலை இல்லை.

அம்மா கையில் அவியல் கரண்டியோடு அப்படியே நின்றாள். அண்ணாச்சி இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். வடையைப் பார்த்தார், சாம்பாரைப் பார்த்தார், பிறகு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி... பிரியாணி முடிஞ்சிபோச்சோ?"

அத்தைதான் போட்டு உடைத்தாள்.

"இவிய இந்த வருசம் மாலையே போடலம்மா. பங்குனி உத்திரத்துக்குப் போயிக்கிடுதேன்னுட்டாவ. 'சார் எத்தனை தடவ கூப்பிட்டாரு, ஒரு தடவ உக்காந்து சாப்பிட்டிருக்கலாமே'ன்னு சொல்லிச் சொல்லி மருகுனாவ."

அம்மா அடுப்படி வாசலில் தொப்பென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அண்ணாச்சியும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அது சரி... எனக்கு எதுக்குய்யா இந்தத் தண்டனை?" என்று மாமா ஒரு சத்தம் போட்டார் பாருங்கள்! அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டோம்.

அண்ணாச்சி இலையில் ஒரு பருக்கை விடாமல் வழித்துவிட்டு நிமிர்ந்தார். "சார் பங்கையும் சேத்து ஊத்து தங்கச்சி" என்றார். அம்மா ஊற்றினாள். வயிறு நிறையச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு கிறிஸ்மஸ். மார்கழியில் சாம்பார் கிறிஸ்மஸ். தை மாசம் அண்ணாச்சி மாலையைக் கழற்றியதும் பிரியாணி கிறிஸ்மஸ். இரண்டாவதுக்கும் அம்மா ஸ்டார் கட்டித் தொங்கவிடுவாள்!

இப்போது நான் சென்னையில் அபார்ட்மெண்டில் இருக்கிறேன். அம்மா என்னோடுதான். குழாயைத் திறந்தால் தண்ணீர். செல்லில் தட்டினால் பிரியாணி. ஒரு மாசம் முன்னால் திட்டம் போட ஒன்றும் இல்லை. அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன வாரம் அவர் மகன் குமார் பேசினான். அவன் ஓசூரில் வேலை பார்க்கிறான், அவனும் மாலை போடுகிறவன்.

"யக்கா, கழட்டியாச்சு. நம்ம கிறிஸ்மஸ் என்னைக்கு?"

ஞாயிற்றுக்கிழமை வா, ஆர்டர் போட்டுவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கட்டிலில் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஆர்டரா? அண்ணாச்சி மவனுக்கா? லீவு போடுட்டி... மொதல்ல அந்த ஸ்டார் எங்கன இருக்குன்னு தேடு."

பரணில்தான் இருந்தது. தூசி தட்டிக் கட்டிவிட்டேன். தை மாசத்தில் எதற்கு ஸ்டார் என்று பக்கத்து ஃப்ளாட்டில் கேட்கிறார்கள். அவர்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன்.