அடையாறு முகத்துவாரத்துக்கு மூன்று திரைகளோடு

1996 பிப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குத் தி.நகரில் ஆட்டோ பிடித்தேன். ஈக்காட்டுத்தாங்கல் ஐந்து கிலோமீட்டர். ஓட்டுநர் முப்பது ரூபாய் கேட்டார். பேரம் பேசும் மனநிலையில் நான் இல்லை.

அடையாறு முகத்துவாரத்தில் கடலின் ஆழத்தை அளந்து பதிவது எங்கள் வேலை. படகு நிற்கும் இடத்தைச் சொல்ல அதில் மூன்று சாட்டிலைட் ரிசீவர்கள் இருந்தன. ஆழத்தைப் பதியும் கணினிக்கு ஒன்று, வரைபடத் திரைக்கு ஒன்று, கேப்டனுக்கு ஒன்று. ஒரே படகு ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் நிற்பதாக அவை சாதிக்கும். சில சமயம் அறுபது மீட்டர் வரை வித்தியாசம் வரும். ஒரே ரிசீவரை வைத்துக்கொண்டு, அது சொல்வதை மூன்று திரைக்கும் பிரித்துக் கொடுத்தால் சண்டை தீரும் என்றேன். மயிலாப்பூர்க்காரரான கேப்டன் ராகவன் லேசில் எதையும் நம்பாதவர். என் வார்த்தைக்காகத் தன் ரிசீவரைக் கழற்றச் சம்மதித்திருந்தார். அங்கே மணல்திட்டுகள் அதிகம். படகு தரைதட்டினால் பழி என் தலையில்தான்.

ஏழு மணிக்கு ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில், அப்படிப் பிரித்துக் கொடுக்க நான் செய்யச் சொல்லியிருந்த டப்பாவின் மூடியை மெக்கானிக் குமார் திருகிக்கொண்டிருந்தார்.

“இந்தா சார். ஒரு வாய் பேசும், மூணு காது கேக்கும்.”

“மூணுக்கும் ஒரே மாதிரி போகுமா?”

“இன்னா சார், சந்தேகமா கீதா? நாலாவது காது வேணும்னாலும் போட்டுத் தரேன்.”

ஒன்பதரைக்குத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினோம். பத்தரைக்குக் கலங்கரை விளக்கத்தைக் கடந்தோம். அடுத்துச் சாந்தோம் கோபுரம் தெரிந்தது. கரையில் அத்தனை இரைச்சல் போடும் ஊர் கடலிலிருந்து பார்த்தால் வாயே திறக்காதது போல் இருந்தது. மூன்று திரையிலும் ஒரே எண்கள்.

“பேஷ்! இத்தனை நாள் இது நமக்குத் தோணலையே” என்றார் கேப்டன். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பதினொன்று இருபது. முகத்துவாரத்தில் ஆழம் அளந்தபடி கரையை நோக்கி மூன்றாவது ஓட்டம். படகைத் திருப்ப வேண்டிய இடத்துக்கு இன்னும் 120 மீட்டர் என்று மூன்று திரையும் காட்டின. ஆழம் ஐந்து மீட்டர், பிறகு நான்கு, பிறகு மூன்றரை. தூரம் மட்டும் 120-லேயே இருந்தது. ஆழம் பார்க்கும் கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன். கேப்டனும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சுக்கான் பிடித்திருந்த டில்லி கத்தினார்: “சார், இன்னா பாத்துக்கினு கீறீங்க? முன்னால அல ஒடைஞ்சிக்கினு கீது!”

உத்தரவுக்குக் காத்திராமல் அவரே ஒடித்துத் திருப்பினார். அடியில் மணல் கலங்கி மேலே வந்தது. படகு தப்பியது.

கம்பத்தில் ஆன்டெனா கம்பி கழன்று தொங்கியது. ரிசீவர் கடைசியாகத் தெரிந்த இடத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க, என் டப்பா அதை மூன்று பேருக்கும் பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. முன்பெல்லாம் திரைகள் சண்டை போட்டால் நாங்கள் தலையை நிமிர்த்திக் கரையைப் பார்ப்போம். அன்று அவை ஒற்றுமையாக இருந்ததால் டில்லியைத் தவிர யாரும் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

கேப்டன் திட்டவில்லை. “டப்பா இருந்துட்டுப் போகட்டும். என்னோடதை நான் மாட்டிக்கறேன்” என்று பையிலிருந்த தன் ரிசீவரை எடுத்து மாட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

மாலை ஆறு மணிக்குத் தி.நகரில் வீட்டுப் படியேறினேன். கூடத்துக் கடிகாரத்தின் கீழே மனைவி ஸ்டூல் போட்டு நின்றிருந்தாள்.

“கூடத்துல ஒரு மணி, அடுப்படியில ஒரு மணி, உங்க கையில ஒரு மணி. மூணையும் ஒண்ணா திருப்பி வெச்சிடட்டுமா?”

“வேணாம்” என்றேன். “அதுங்க சண்டை போட்டுக்கிட்டே இருக்கட்டும்.”