யசிந்தா உடுத்திவிட்டவர்கள்

யசிந்தா சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியால் வெள்ளைச் சேட்டொன்றை அழுத்திக்கொண்டிருந்தார். அவரைக் கூட்டிப்போகக் கொழும்பிலிருந்து வந்திருந்த தம்பி கிளெமென்ற் குனிந்து பார்த்தார்.

“அக்கா, இது என்ர கலியாணச் சேட்டல்லே?”

“ஓம். உன்ர வண்டி வயிறு இனி இதுக்குள்ள போகாது.”

அது தொண்ணூறாம் ஆண்டு. சண்டையால் பாதைகள் அடிக்கடி மூடப்பட்டதால், திருகோணமலை ஆஸ்பத்திரியில் இறந்த பலரின் வீட்டாருக்கு வந்துசேர முடியவில்லை. இறந்தவரைச் சொந்தக்காரர்தான் குளிப்பாட்டி உடுத்துவார்கள். அப்படி ஒருவரும் வராதவர்களை யசிந்தா பாலையூற்று மாதா கோயிலின் பின்னறையில் குளிப்பாட்டி, ஊரில் சேர்த்த வெள்ளை உடுப்பை உடுத்திவிட்டார். வேதக்காரரான கிறிஸ்தவரோ சைவக்காரரோ என்று கேட்டதில்லை.

“நேற்றுத் திருநாளில பங்குச் சுவாமி பந்தல் போட்டவனுக்கும் நன்றி சொன்னவர். உங்கட பேர் வரேல்லை,” என்றார் கிளெமென்ற். “ஆருக்காக இஞ்ச கிடக்கிறியள்? நாளைக்கு என்னோட வாங்கோ.”

யசிந்தா சேட்டை மடித்தார்.

“பாதை திறந்தாப்பிறகு தாய்மார் வருவினம். அழுது முடிய ஒண்டுதான் கேப்பினம், பிள்ளையைக் குளிப்பாட்டினதோ எண்டு. ஓம், வடிவாத் தலையும் சீப்பால இழுத்துவிட்டனான் எண்டு சொல்லுவன். அதைக் கேட்டாப்பிறகுதான் ஒரு மிடறு தண்ணி குடிப்பினம். நான் வந்திட்டால் அதை ஆர் சொல்லுறது, தம்பி?”

  யசிந்தா உடுப்புகளைக் கையில் அடுக்கிக்கொண்டு, நிமிர்ந்த தலையோடு அறையைவிட்டுப் போனார்.