சாமித்தட்டுக்குக் கீழே ஒரு வாளி பியர்

என் கணவர் வீட்டில் பியர் காய்ச்சிய அந்தப் பத்து நாட்களை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. கடையில் வாங்கிக் குடித்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. அவர் குடிகாரர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தீபாவளிக்கு ஒரு போத்தல், அதிலும் பாதியில் தூங்கிவிடுவார். எல்ல டவுனில் ஹோட்டல் நடத்தும் கூட்டாளி ஒருவர், வீட்டிலேயே செய்த பியர் என்று எதையோ ஊற்றிக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து கைபேசியில் வெள்ளைக்காரர்கள் அண்டா கிண்டும் வீடியோதான்.

எனக்கு வேறொரு பயம் இருந்தது. என் அப்பா கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்து வீடுகளுக்குப் பின்னால் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் வடித்து விற்றவர். அதைக் குடித்தே செத்தும் போனார். கல்யாணம் பேசும்போது நெஞ்சுவலியில் போனார் என்று சொல்லிவிட்டோம். பதினாறு வருஷமாக அந்தப் பொய்யைக் கட்டிக் காத்து வந்தேன். லுணுகலையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் டீச்சர் கசிப்புக்காரன் மகள் என்று ஊருக்குத் தெரிந்தாலும் சமாளித்திருப்பேன். இவருக்குத் தெரியக் கூடாது.

"வேணாங்க, வீடு நாறிப் போயிரும்" என்றேன்.

"இது என்னா கசிப்பா? கசிப்பு காட்டுப்பயலுக காய்ச்சுறது. இது தானியத்துல செய்யுற சாமான்" என்றார்.

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பியருக்குத் தானியத்தை முதலில் முளைக்க வைக்க வேண்டுமாம். பார்லி சரிப்படவில்லை. கடைகளில் கிடைப்பது நீர்க்கடுப்புக்கு அவித்துக் குடிக்கிற தீட்டின பார்லி, அது முளைக்காது. சந்தையில் குரக்கன், அதுதான் கேழ்வரகு, வாங்கி வந்து ஊறவைத்து, ஈரச் சாக்கில் பரப்பினார். மூன்றாம் நாள் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, தொட்டால் பிசுபிசுத்தது. அவர் அதை உள்ளங்கையில் அள்ளி மோந்து பார்த்து ரசித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் தேயிலை ஃபெக்டரியில் இலை காயவைக்கும் டிரையர் பார்க்கிறவர். கொழுந்து பதத்துக்கு வந்ததும் நல்ல சூட்டில் போட்டு அந்தப் பதத்திலேயே நிறுத்திவிட வேண்டும் என்பது கையிலேயே ஊறிப்போன வேலை. குரக்கனையும் அப்படித்தான் செய்தார். பெரிய தாச்சியில் கொட்டி, கை வைக்க முடியாத சூட்டில் வறுத்து, "ஃபயரிங் எனக்கா சொல்லித் தரணும்" என்று பீற்றிக்கொண்டார். அவ்வளவு சூட்டில் போட்டால் மாவை இனிப்பாக்குகிற சத்து செத்துப்போகும் என்று அதே வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தை இவர் பார்க்காமல் ஓட்டிவிட்டார்.

அரைத்த குரக்கனைச் சுடுநீரில் ஒரு மணித்தியாலம் மூடி வைத்தார். சீனித்தண்ணீர் மாதிரி இனிக்க வேண்டுமாம். கரண்டியால் நக்கிப் பார்த்தார், வெறும் கஞ்சி. அதை என்னுடைய பழைய வோயில் சாரியில் பிழிந்து வடிகட்டி, கொழும்பிலிருந்து தபாலில் வரவழைத்த ஹாப்ஸ் என்ற பச்சை உருண்டைகளைப் போட்டுக் கொதிக்க வைத்தார். வேப்பங்கொழுந்தையும் மாட்டுத் தீவனத்தையும் சேர்த்து அவித்த நாற்றம். ஆறியதும், இனிப்புத்தானே வேண்டும் என்று மூன்று கிலோ சீனியைக் கொட்டி, பேக்கரியில் பாணுக்குப் போடும் ஈஸ்டையும் தூவினார். வாளியைக் கொண்டுபோய்ச் சாமித்தட்டுக்குக் கீழே வைத்தார். விளக்குச் சூட்டில் நன்றாகப் புளிக்குமாம். என்ன பிறவி இவர் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

வாளி வைத்த நாலாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது பியர் வாடை இல்லை. அப்பாவின் வாடை. அவர் சட்டையிலும் எங்கள் பாயிலும், அம்மா ஆக்கிய சோற்றிலும்கூட இருந்த வாடை. சீனி, ஈஸ்ட், தண்ணீர்: கசிப்பு வடிப்பதற்கு முன் ஊறப்போடும் கோடா இதுதான். அடுப்பில் ஏற்றி வடிப்பது ஒன்றுதான் பாக்கி. பின்வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

"என்னா, ஒடம்புக்கு முடியலையா?" என்று பின்னாலேயே வந்தார்.

அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அது பியர் இல்லைங்க. கோடா. எங்கப்பா பீப்பா பீப்பாயா ஊறப்போட்டு கசிப்பு வடிச்சாரு. அவரு நெஞ்சு வலியில சாகல. அதக் குடிச்சுத்தான் செத்தாரு."

பொய் சொல்லிக் கட்டிக்கொண்டாயா என்று திட்டுவார், இல்லாவிட்டால் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் உள்ளே திரும்பி வாளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப ஒனக்கு எல்லாம் தெரியுமே. இன்னும் எத்தன நாள் விடணும்?"

அவர் மேல் அப்போது அருவருப்பு வந்தது. அதைவிடப் பெரிய அருவருப்பு என் மேலேயே வந்தது. ஏனென்றால் நான் யோசிக்கக்கூட இல்லை. பதில் வாயில் தானாக வந்துவிட்டது.

"நுரை அடங்கணும். இன்னும் மூணு நாள்."