எங்கள் விடுதியில் எனக்கொரு கதிரை

விடுதி நடத்துகிறவர்களின் பிள்ளைகளுக்கு வீடு நிரந்தரம், கட்டில்தான் சீசனைப் பொறுத்தது. கடை, கன்டீன், கல்யாண மண்டபம் என்று அம்மாவை வந்துபோகிறவர்களோடு பங்குபோட்டு வளர்ந்த யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு தொட்டிகள்

சிட்னிக்கு மேற்கே, ப்ளூ மவுண்டன்ஸில் இருந்த அந்த விடுதியை ஒரு யூதக் குடும்பம் நடத்திவந்தது. நடத்திய அம்மா இறந்த பிறகு மகள் மிரியம் அதை எங்களுக்கு விற்றார். அவர்கள் பாலையும் இறைச்சியையும் ஒன்றோடொன்று சேர்க்காதவர்கள். அதனால் குசினியில் எல்லாமே இரண்டு: இரண்டு அடுப்பு, இரண்டு அலுமாரி, பாத்திரம் கழுவ இரண்டு தொட்டி. பார்க்க வந்த மற்றவர்கள் இதையெல்லாம் இடித்து ஒன்றாக்க வேண்டும் என்றார்களாம். என் அம்மா அதற்காகவே வாங்கினார். இடப்பக்கம் சைவம், வலப்பக்கம் மீன் இறைச்சி சமைக்கிற மச்சம் என்று அன்றே பிரித்துவிட்டார்.

அவர் அலுமாரிகளுக்கு அடையாளம் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த மிரியம் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "பாவம் நீ. என் அம்மாவும் இப்படித்தான் இருந்தாள்."

என் கட்டில்

பள்ளி விடுமுறையில் அறைகள் நிரம்பினால் முதலில் பறிபோவது என்னுடையது. துணி மடிக்கிற அறையில் மெத்தை போட்டுப் படுப்பேன். என் கட்டில் எப்போதும் ஆரபிக்கு. சிட்னியின் நார்த்மீட்டிலிருந்து தாய் தகப்பனோடு வருவாள், என் வயதுதான். அம்மா அவளுக்குப் போர்வையை இழுத்துவிடுவார். தலைமாட்டில் தண்ணீர் வைப்பார். கூரையில் கேட்பது பூனையளவு பொஸம் ஓடுகிற சத்தம், பயப்படாதே என்று விளக்குவார். எனக்கு யாரும் விளக்கவில்லை. பயந்து பயந்து நானே கண்டுபிடித்தேன்.

காலையில் தோசைக் கல்லுக்குப் பக்கத்தில் தட்டோடு போய் நின்றால், அம்மா திரும்பாமலே சொல்வார்: "நீதானே, கொஞ்சம் பொறு."

நண்டுச் சட்டி

ஒரு வெள்ளிக்கிழமை, உதவி செய்வதாக நினைத்து, முதல் நாள் நண்டு சமைத்து ஊறப்போட்டிருந்த சட்டியை ஆரபி சைவத் தொட்டியில் போட்டுத் தேய்த்தாள். சாப்பாட்டறையில் விரதக்கார அன்ரிமார் காத்திருந்தார்கள். முட்டை பட்ட கரண்டியை அதே தொட்டியில் வைத்ததற்கு நான் ஒரு கிழமை ஏச்சு வாங்கியவள். வாசலில் நின்று மகிழ்ச்சியோடு காத்திருந்தேன்.

அம்மா கதவைச் சாத்தினார். மஞ்சள் தண்ணீர் விட்டுத் தொட்டியைக் கழுவினார். பக்கத்திலிருந்த பருப்பைக் கொட்டிவிட்டுப் புதிதாக வைத்தார். பிறகு ஆரபியின் கைகளைத் துடைத்துவிட்டு, "பரவாயில்லை செல்லம், உமக்குத் தெரியாதுதானே" என்றார். அவள் போனதும் என் பக்கம் திரும்பினார்: "பாத்துக்கொண்டு நிண்டனீதானே, வாயில என்ன கொழுக்கட்டையே வச்சிருந்தனீ?"

மிரியம்

மிரியம் வருடத்துக்கு ஒருமுறை விருந்தாளியாக வருவார். ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தால் கோப்பையைக்கூட நகர்த்தமாட்டார். எல்லாம் அவரிடம் போகும், சூடாக. ஆரபியைவிட இவர் மேல்தான் எனக்கு எரிச்சல். ஆரபிக்கு அது ஊரார் வீடு. இவர் வளர்ந்த வீட்டிலேயே விருந்தாளி.

உங்களுக்கு இந்தக் கதிரை எப்படிக் கிடைத்தது என்று ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. "அம்மா இருந்தவரை இந்த மேசையில் ஒரு வேளையும் நான் முழுதாகச் சாப்பிட்டதில்லை. எதையாவது எடுத்துவரச் சொல்லி எழுப்பிவிடுவாள்."

காசு கட்டியவள்

இப்போது நான் மெல்பேர்னில், மல்கிரேவில் இருக்கிறேன். போன ஈஸ்டருக்கு அம்மாவுக்குச் சொல்லாமல், இணையத்தில் முழுக் காசும் கட்டி, மலை தெரிகிற பெரிய அறையைப் பதிவு செய்துகொண்டு போனேன். அம்மா கதவைத் திறந்தார், பெட்டியைப் பார்த்தார், சாவியைத் தந்தார். ஆரபியும் தன் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தாள். என் பழைய அறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தாள். பெரிய அறையில் பொஸம் சத்தம் கேட்காது.

காலையில் ஜன்னலோரக் கதிரையில் போய், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் தோசை ஆரபியின் மகளுக்குப் போனது. அடுத்தது மகனுக்கு. அம்மா இப்போது ஒரு காலைச் சற்று இழுத்து நடக்கிறார்.

"அம்மா, நான் காசு கட்டி வந்தனான்" என்றேன்.

அம்மா இரண்டு தட்டுகளை என் கையில் வைத்தார். "ஓம், கண்டனான். அறை நல்லம்தானே? இதை அந்த மூலை மேசைக்குக் குடுத்திட்டு வா. உனக்குத் தோசை வாக்கலாம், நீதானே, கொஞ்சம் பொறு."

எழுந்து போனேன், மிரியத்துக்குக் கிடைத்த அந்தக் கதிரை எனக்கு எவ்வளவு தாமதமாகக் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.