பசிக்காத கதாநாயகி

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி நான் திருத்தங்கலுக்கு வந்த முதல் மழைக்காலம். எங்கள் தெருப் பெண்கள் ஆறேழு பேர் பக்கத்து வீட்டு மதினியின் கூடத்தில் உட்கார்ந்து கம்பெனிக்குத் தீப்பெட்டி ஒட்டுவோம். அவர்களில் யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எட்டாவது வரை படித்திருந்த நான், வாரப் பத்திரிகையில் வந்த ராஜா கதைத் தொடரை வாசிப்பேன். அதற்காக என் பங்குப் பெட்டிகளையும் அவர்களே ஒட்டிவிடுவார்கள்.

வெளியே தூறல், உள்ளே பசை வாசம், நீலத் தாள் மடியும் சரசரப்பு. வாசிக்க வாசிக்க அந்தச் சின்னக் கூடம் மெல்லக் கரைந்து அரண்மனையாகிவிடும். விரல்கள் தம் பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். கண்கள் எங்கோ கோட்டை மதில்மேல் இருக்கும்.

ஒரு வாரம் மழையில் பஸ் வரவில்லை, பத்திரிகையும் வரவில்லை. வாசிக்காவிட்டால் என் பங்கை நானே ஒட்ட வேண்டும். அதோடு, அந்தக் கதைக்குள் ஒரு தடவை நானும் போய்வர வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. பழைய இதழைப் பிரித்து வைத்துக்கொண்டு, அச்சில் இருப்பதுபோலவே சொந்தமாக ஓர் அத்தியாயம் வாசித்தேன்.

புதிதாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்தேன். நிலா நிறம். ஏழு மொழி தெரிந்தவள். மூன்று நாள் இரவு பகலாகக் குதிரையில் வந்து, வெள்ளம் புரளும் ஆற்றை நீந்திக் கடந்தாள். கொண்டைப் பூ ஒன்றுகூட உதிரவில்லை. வாள் சண்டையில் இளவரசனைத் தோற்கடித்தாள். எதிரி ராஜாவே அவள் பேச்சைக் கேட்டு அழுதுவிட்டான். சொல்லச் சொல்ல எனக்கே உடம்பு சிலிர்த்தது.

நிமிர்ந்து பார்த்தால், எல்லோரும் ஒட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாசமாக இருந்த மதினிதான் கேட்டார். "ஏ பிள்ளை, இருக்கன்குடி ஆத்துல முழங்கால் தண்ணியில நடந்ததுக்கே எனக்குச் சேலை கால்ல சுத்திக்கிடுச்சு. இவளுக்கு ஒரு பூவுகூட உதிரலையா? மூணு நாளா பசிக்கவும் இல்லையா? இந்தக் கதை எளுதுறவுக இப்படி எளுதமாட்டாகளே. போன வாரம் ராணிக்கே பல்வலின்னுல்ல எளுதியிருந்தாக?"

முகம் வெந்துபோனது. "இந்த வாரம் புஸ்தகம் வரலை மதினி. நானாத்தான் சொன்னேன்" என்றேன். எழுத்துத் தெரியாதவர்கள்தானே, எதைச் சொன்னாலும் நம்புவார்கள் என்று நினைத்திருந்தேன் பாருங்கள், அதுதான் அதிகம் சுட்டது. ஒட்ட வேண்டிய என் பங்கை என் பக்கம் இழுத்தேன்.

மதினி அதைத் திரும்பத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார். "நீ சொல்லு. ஆனா மொதல்ல அந்தப் பிள்ளைக்குச் சோறு போடு."

மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை அவள் ஆற்றங்கரையில் நடுங்கிக்கொண்டு நின்றாள். ஒரு வண்ணாத்தி வீட்டில் பழைய சோறு கேட்டு வாங்கித் தின்றாள். "அம்புட்டுத் தூரம் குதிரையில வந்தா இடுப்பு நோவுமே" என்றாள் ஒருத்தி. அதையும் சேர்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக விரல்கள் ஓடத் தொடங்கின. கூடம் மறுபடி கரைந்தது.

அடுத்த வாரம் பத்திரிகை வந்தது. கடைசி வரிவரை வாசித்து முடித்தேன்.

"எங்க, நம்ம பிள்ளையக் காணோம்?" என்றார் மதினி.

அதன்பிறகு எத்தனையோ கதைகள் வாசித்துவிட்டேன், ஒன்றிரண்டு எழுதியும் பார்த்தேன். ஆனால் அந்தக் கூடத்துப் பெண்களிடம் மனசுக்குள் ஒரு தடவை வாசித்துக் காட்டாமல், எந்தக் கதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல இன்றுவரை எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.